கீழம்பு விசை

ஐப்பசி மூன்றாம் நாள், கூத்தாநல்லூருக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்துத் தகரக் கொட்டகையில்
வயர் அறுந்த மவுஸ் ஒன்று
தராசுத் தட்டில் கிடந்தது.
எலி கடித்துவிட்டது என்றார் செங்கமலம்.
சிரிக்காமல்தான் சொன்னார்.

அதனால் எல்லாமே கீபோர்டு.
ஊர் என்ற கட்டத்தில் ‘வ’ அழுத்தினால் வடகட்டளை.
அங்கிருந்து கீழம்பு, ஆறு முறை:
வடமட்டம் வண்டுவாஞ்சேரி வரம்பியம்
வாழாச்சேரி விக்கிரபாண்டியம்
வேளுக்குடி.
ஆறும் ஒரே மூச்சில், திரையைப் பார்க்காமல்,
நெல்தூசி படிந்த நடுவிரலால்.

திரையில் வேளுக்குடி என்றுதான் இருந்ததாம்.
வைரக்கண்ணுவின் நாற்பத்து மூன்று சிப்பமும்
வரம்பியம் கணக்கில் ஏறியிருந்தன.

நான் எழுதிய நிரல். என்னையே அனுப்பினார்கள்.

தேர்வு மாறினால் அந்த ஊர்ப் பேரேட்டை எடுத்து வா
என்று ஒரே வரிதான் எழுதியிருந்தேன்.
ஓர் ஊரின் மேல் நீலம் விழுந்தாலே
அதைத் தேர்வு என்று எடுத்துக்கொண்டது அந்த வரி.
ஆறு அழுத்தத்துக்கு ஆறு ஓட்டம்,
திருவாரூர் வரை போய்த் திரும்புகிற ஓட்டம்.
மேகம் கூடினால் இங்கே சிக்னல் நொண்டும்.
போனவை வரிசையாகத்தான் போயின.
வந்தவை அப்படி வரவில்லை.
வேளுக்குடி முந்தி வந்து உட்கார்ந்தது.
வரம்பியம் பிந்தி வந்து
அதன் மடியில் உட்கார்ந்தது.

கொட்டகைக்குப் பின்னால் கிளை வாய்க்கால்.
எத்தனையோ வயலோரம் உரசிக்கொண்டு போகிற தண்ணீர்
மடை வெட்டின இடத்தில்தான் உள்ளே ஏறுகிறது.
எனக்கு எட்டு வருட அனுபவம்.

இரவு, மூட்டைகளுக்கு நடுவே, கொசுவர்த்திப் புகையில் எழுதினேன்:
பட்டியல் விரிந்திருக்கையில் அம்பு எங்கும் போகட்டும், பேசாதே.
என்டர் வந்தால் எடு.
டேப் வந்தாலும் எடு,
அடுத்த கட்டத்துக்கு நகர்வதும் ஒரு சம்மதம்தான்.
எஸ்கேப் வந்தால் முன்பிருந்த ஊரையே திரும்ப வை,
இடையில் எங்கே போனாய் என்று கேட்காதே.
பட்டியலை விரிக்காமலே ஒருவர் அம்பை அழுத்தினால்?
இந்த ஒரு கேள்விக்கு மட்டும்
இரண்டு டீ ஆனது.

காலையில் செங்கமலம் ஓட்டிப் பார்த்தார்.
“இப்ப ஒரு அடி கூட அடிக்கணுமே சார்.
நாளைக்கு நூத்தம்பது பேரு வருவாங்க.”
டேப் இருக்கிறதே என்றேன்.
அந்த விசையைக் காட்டினார்.
எழுத்து தேய்ந்து, அடியில் ஒரு நெல்மணி சிக்கி,
அது இறங்கவே இல்லை.
குண்டூசியால் எடுத்தோம். பிறகு இறங்கியது,
ஏறுவதற்குத்தான் யோசித்தது.

வைரக்கண்ணு கைநாட்டு மையைத் தலையில் தேய்த்தபடி வந்தார்.
பட்டியலை விரித்து வரம்பியத்தில் நிறுத்தினேன்.
உங்கள் மூட்டை இங்கேதான் போய்விட்டது என்றேன்.
நீலப் பட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்த ஊர்ல எனக்குப் பொண்ணு பாத்தாங்க.
பஜ்ஜி சாப்பிட்டோம். நல்ல பஜ்ஜி.
வந்துட்டோம்.”

வெளியே அவர் மனைவி
பறக்கிற தார்ப்பாயின் முனையை இழுத்து
அதன் மேல் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.
இரண்டாவது செங்கல் போதவில்லை,
தானே ஏறி உட்கார்ந்தார்.

“மாத்திடுங்க சார்” என்றார் வைரக்கண்ணு,
“சத்தம் போடாம.”

கீழம்பு, மூன்று முறை.
வாழாச்சேரி. விக்கிரபாண்டியம். வேளுக்குடி.
நிரல் எங்கும் ஓடவில்லை.
நீலம் மட்டும் இறங்கி வந்து நின்றது.
எனக்குக் கை நகரவில்லை,
அது நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தகரத்தில் முதல் தூறல் விழுந்தது.

“அடிங்க சார்” என்றார் செங்கமலம்.
“ஆளு நிக்குது.”